தோன்றா எழுவாய்: வன்குற்றச் செய்திகளும் பாதிக்கப்பட்டவர் மீது விழும் பழியும்

உயர்நிலை வகுப்புகளில் தமிழ் இலக்கணம் நடத்தியவர்கள் எல்லோரும் ‘தோன்றா எழுவாய்’ என்ற பாடத்தை நடத்தியிருப்பார்கள். ‘நேற்று வந்தான்’ என்னும் தொடரில் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆனால் ‘வந்தான்’ என்ற வினைமுற்றின் விகுதியே ‘அவன்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். எழுவாய் மறைந்திருந்தாலும் வினை அதைச் சொல்லிவிடும் என்று மாணவர்களுக்கு விளக்குவோம்.

பணி ஓய்வு பெற்ற பின் நாளிதழ்களை நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ‘இளம்பெண் வெட்டிக் கொலை’, ‘மாணவி பாலியல் பலாத்காரம்’, ‘காதலை ஏற்க மறுத்த பெண்ணுக்குக் கத்திக்குத்து’ என்பன போன்ற தலைப்புகளில் எழுவாயைத் தேடினால் கிடைப்பதில்லை. (இவை குறிப்பிட்ட ஒரு நாளிதழிலிருந்து எடுத்தவை அல்ல, அன்றாடம் காணும் வகைக்கு மாதிரிகள்.) வெட்டியது யார், குத்தியது யார் என்பது தொடரில் இல்லை. வினைமுற்றுக்குப் பதிலாகக் ‘கொலை’, ‘கத்திக்குத்து’ என்ற பெயர்ச்சொற்கள் நிற்பதால் விகுதியும் இல்லை. தோன்றா எழுவாயாவது விகுதியில் தன் அடையாளத்தை விட்டுச்செல்லும். இங்கே குற்றம் செய்தவனின் சுவடே இல்லை. தொடரில் மிஞ்சியிருக்கும் ஒரே ஆள் பாதிக்கப்பட்டவர்தான். ஆகவே வாசகரின் கேள்விகள் அனைத்தும் அவரை நோக்கியே செல்கின்றன. அவர் யார்? அந்த நேரத்தில் அங்கே ஏன் போனார்? யாருடன் போனார்?

வன்குற்றத்துக்கு ஆளானவரையே அக்குற்றத்துக்குப் பொறுப்பாளியாக்கும் போக்கு நம் செய்திமொழியிலும் பொதுப்பேச்சிலும் எவ்வாறு இயங்குகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் தோற்றம்

‘பாதிக்கப்பட்டவரைப் பழித்தல்’ என்ற தொடரை அறிவுலகில் பரவச் செய்தவர் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ரயான். 1971இல் இதே பொருள்படும் தலைப்பில் அவர் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் பொருள் பாலியல் குற்றம் அன்று. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வறுமைக்கு அவர்களுடைய குடும்ப அமைப்பும் பழக்கவழக்கங்களுமே காரணம் என்று சொல்லிவந்த போக்கை அவர் அதில் கண்டித்தார். அநீதியைச் செய்த அமைப்பை விட்டுவிட்டு, அநீதிக்கு ஆளானவரிடம் குறை தேடும் முறையை அவர் அடையாளம் காட்டினார். பின்னர் பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை பற்றிய ஆய்வுகளிலும் இத்தொடர் நிலைபெற்றது.

மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு மற்றொரு உளவியலாளரான மெல்வின் லெர்னர் ஒரு விளக்கம் தந்தார். 1966இல் அவரும் கரோலின் சிம்மன்ஸ் என்பவரும் நடத்திய சோதனை புகழ்பெற்றது. ஒரு பெண் தவறான விடை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின்அதிர்ச்சி தரப்படுவதாகப் பார்வையாளர்களை நம்பவைத்தார்கள். உண்மையில் அது நடிப்பு. அப்பெண்ணின் துன்பத்தை நிறுத்த வழி கொடுக்கப்பட்டவர்கள் அவரைப் பற்றி நல்ல விதமாகச் சொன்னார்கள். துன்பம் தொடரும், தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்ற நிலையில் இருந்தவர்களோ அவரைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள். ‘நல்லவர்களுக்கு நல்லதே நடக்கும்’ என்ற நம்பிக்கையைக் காப்பாற்றிக்கொள்ள, கெட்டது நடந்தவரிடம் ஏதோ குறை இருக்க வேண்டும் என்று மனம் முடிவுசெய்துவிடுகிறது.

இது நமக்குப் புதிதன்று. ‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று கேட்பது நம் ஊர் வழக்கம். ‘முள் மேல் சேலை விழுந்தாலும் சேலை மேல் முள் விழுந்தாலும் சேதம் சேலைக்குத்தான்’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த பெண் தமிழ்நாட்டில் அரிது. அந்தப் பழமொழி முழுவதும் சேலைக்குச் சொல்லும் எச்சரிக்கையே. வழியில் முள்ளைப் போட்டவனிடம் அது ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

சொற்களுக்குள் இருக்கும் தீர்ப்பு

பழிப்பவர்கள் எல்லோரும் தீய எண்ணம் கொண்டவர்கள் அல்லர். பல நேரங்களில் நாம் கையாளும் சொல்லே தீர்ப்பை எழுதிவிடுகிறது.

‘கற்பழிப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மற்றொருவர் உடல்மீது வன்முறை செய்கிறார். ஆனால் இச்சொல்லின்படி அங்கே அழிந்தது அப்பெண்ணின் கற்பு. குற்றவாளி குற்றவாளியாகிறான் என்பதைவிட, பெண் எதையோ இழந்துவிட்டாள் என்பதே இதில் முதன்மை பெறுகிறது. பேச்சுவழக்கில் இது இன்னும் ஒரு படி போய், ‘அந்தப் பொண்ணு கெட்டுப்போச்சு’ என்றாகும். கெடுத்தவன் ஒருவன் இருக்க, பால் கெட்டது போலத் தானாகக் கெட்டதாக வாக்கியம் அமைகிறது. பெண்ணியச் செயற்பாட்டாளர்களும் எழுத்தாளர்களும் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாகப் ‘பாலியல் வன்கொடுமை’, ‘வன்புணர்வு’ ஆகிய சொற்கள் இன்று பரவலாகியுள்ளன. எனினும் பழைய சொல் முற்றிலும் மறையவில்லை.

அடுத்தது ‘ஒருதலைக் காதல்’. தொல்காப்பியம் ஒருதலைக் காமத்தைக் கைக்கிளை என்று வகுத்தது. அது ஒருவர் மனத்தில் எழும் நிறைவேறாத விருப்பம். பல மாதம் பின்தொடர்ந்து, மறுத்த பெண்ணை அரிவாளால் வெட்டுவதும் அமிலம் ஊற்றுவதும் எந்தத் திணையிலும் அடங்கா. அதற்குப் பின்தொடர்தல், மிரட்டல், தாக்குதல், கொலை என்று பெயர். 2013ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் பின்தொடர்தலையும் அமில வீச்சையும் தனித்தனிக் குற்றங்களாக்கிவிட்டது. செய்தித்தாள் அதே செயலைக் ‘காதல்’ என்று எழுதும்போது, கொன்றவன் காதலனாகவும் கொல்லப்பட்டவர் காதலை மறுத்த கல்நெஞ்சக்காரியாகவும் மாறிவிடுகிறார்கள். ‘காதலை ஏற்க மறுத்ததால்’ என்று எழுதும் ‘ஆல்’ உருபு கொலைக்குரிய காரணத்தை மறுத்தவரின் தலையில் வைக்கிறது. ‘மறுப்பை அவன் ஏற்காததால்’ என்று எழுதினால் அதே உருபு சரியான இடத்தில் நிற்கும்.

மூன்றாவது ‘கள்ளக்காதல்’. மணவுறவுக்கு வெளியேயான உறவைக் குற்றமாகக் கருதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. கொலை குற்றம், உறவு குற்றமன்று. ஆனால் ‘கள்ளக்காதல் விவகாரத்தில் மனைவி கொலை’ என்ற வகைத் தலைப்பில், குற்றமல்லாத செயலுக்குக் ‘கள்ள’ என்ற அடைமொழி கிடைக்கிறது. குற்றம் புரிந்தவருக்கு ஓர் எழுவாய்கூடக் கிடைப்பதில்லை. இறந்தவர் மறுத்துப் பேச முடியாதவர் என்பதால் இந்தப் பழி எளிதில் ஒட்டிக்கொள்கிறது.

மூன்று நிகழ்வுகள்

2016 ஜூன் 24 காலை, சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குச் செல்லக் காத்திருந்த ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். நடைமேடையில் மக்கள் இருந்தனர். கண்காணிப்புக் கேமரா இல்லை. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உடல் அங்கேயே கிடந்தது. ரயில் நிலையப் பாதுகாப்பு, கேமரா இன்மை, உதவிக்கு வராத கூட்டம் என்று கேட்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. சில நாள்களில் அவற்றோடு போட்டியிட்டு வேறொரு கேள்வியும் வளர்ந்தது: அந்தப் பெண் எப்படிப்பட்டவர்? அவருடைய நட்புகள், சமூக ஊடகப் பக்கங்கள், தனிப்பட்ட வாழ்வு ஆகியன பற்றி ஊகங்கள் பரவின. மகளை இழந்த குடும்பம் மகளின் நற்பெயருக்காகவும் போராட வேண்டியதாயிற்று.

2019 தொடக்கத்தில் பொள்ளாச்சிப் பாலியல் வன்கொடுமை வழக்கு வெளிவந்தது. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆனால் காவல்துறை அதிகாரியின் செய்தியாளர் சந்திப்பிலும், பின் அரசாணையிலும் அப்பெண்ணின் பெயர் வெளியானது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஒரு பெண் கெஞ்சும் குரல்பதிவு தொலைக்காட்சிகளிலும் கைப்பேசிகளிலும் திரும்பத் திரும்ப ஒலித்தது. அந்தக் குரலைப் பரப்பியவர்களில் பலர் இரக்கத்தால்தான் பரப்பினார்கள். ஆனால் துன்புறுத்தியவர்கள் எடுத்த பதிவை ஊரே கேட்கச் செய்வது அவர்களின் வேலையை நாமும் தொடர்வதாகும் என்பது அப்போது பலருக்குத் தோன்றவில்லை. கூடவே ‘பெண்பிள்ளைகளுக்கு ஏன் கைப்பேசி?’ என்ற உபதேசமும் வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் முன்வந்து சாட்சி சொன்னதால்தான் இது இயன்றது. ஊராரின் ஏச்சுக்கு அஞ்சி அவர்கள் பின்வாங்கியிருந்தால் அந்த ஒன்பது பேர் இன்று நம் தெருக்களில் நடமாடிக்கொண்டிருப்பார்கள்.

2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவரது விவரங்கள் அடங்கிய முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொல்லப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் காவல் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. முதல் தகவல் அறிக்கை எழுதப்பட்ட மொழியே மாணவி மீது பழி விழ இடமளிப்பதாக இருந்தது என்றும் நீதிபதிகள் கண்டித்தனர். காவல்துறைக்கு எதிரான உயர் நீதிமன்றத்தின் கருத்துகளுக்குப் பின்னர் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சட்டநிலை எதுவாயினும், ஓர் ஆவணத்தின் நடையைப் பற்றி நீதிமன்றம் பேச நேர்ந்ததே மொழி ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. ஐந்து மாதத்தில் வழக்கு முடிந்து, குற்றவாளிக்கு 30 ஆண்டுகள் தண்டனைக் குறைப்பில்லாத ஆயுள் சிறை விதிக்கப்பட்டது.

சட்டமே பழித்த காலம்

பொதுமக்கள் மட்டும் பழித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருந்தது. வன்புணர்வு வழக்கில் புகார் கொடுத்த பெண் பொதுவாக ஒழுக்கக்கேடானவர் என்று காட்டி, அவரது சாட்சியத்தின் நம்பகத்தன்மையைக் குலைக்க அது அனுமதித்தது. திருட்டு கொடுத்தவரின் ஒழுக்கத்தை யாரும் ஆராய்வதில்லை; இந்தக் குற்றத்துக்கு மட்டும் அது சட்டபூர்வமாக இருந்தது. ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் அது நீங்கியது.

அதன் விளைவை மதுரா வழக்கில் காணலாம். 1972 மார்ச்சில் மகாராட்டிர மாநிலம் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமியை இரு காவலர்கள் வன்கொடுமை செய்ததாக வழக்கு. அமர்வு நீதிமன்றம், சிறுமிக்கு முன்பே பாலுறவுப் பழக்கம் உண்டு என்று கூறிக் காவலர்களை விடுவித்தது. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. உடலில் காயம் இல்லை, எதிர்த்ததற்குச் சான்று இல்லை என்பதால் இசைவு இருந்ததாகக் கொண்டது. காவல் நிலையத்துக்குள் சீருடைக்காரர் முன் நிற்கும் ஓர் ஏழைச் சிறுமியின் அச்சம் கணக்கில் வரவில்லை. 1979இல் உபேந்திர பக்சி, லத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினர். நாடெங்கும் பெண்கள் போராடினர். 1983ஆம் ஆண்டுத் திருத்தம் பிறந்தது. காவலில் நடந்த வன்கொடுமையில், இசைவு இல்லை என்று பெண் சொன்னால் நீதிமன்றம் அதையே முதலில் ஏற்க வேண்டும் என்றானது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதும் அத்திருத்தத்தால்தான் குற்றமாயிற்று.

2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், பாதிக்கப்பட்ட பெண்களிடம் ‘இரு விரல் பரிசோதனை’ செய்வது தவறான நடத்தை என்று அறிவித்தது. 2023இல் பாலினம் பற்றிய தேய்வழக்குகளைத் தீர்ப்புகளில் தவிர்க்க நீதிபதிகளுக்கு ஒரு கையேட்டையும் வெளியிட்டது. நீதிமன்றமே தன் மொழியைத் திருத்திக்கொள்ள முன்வந்தபோது, நம் செய்தி மேசைகளும் வகுப்பறைகளும் திண்ணைகளும் பழைய மொழியைப் பிடித்துக்கொண்டிருக்க நியாயமில்லை.

எச்சரிக்கையா, பழியா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ‘பிள்ளைகளைப் பத்திரமாக இருக்கச் சொல்வதும் தவறா? வீட்டைப் பூட்டச் சொன்னால் அது திருடனுக்கு ஆதரவா?’ பெற்றோர் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எச்சரிக்கை தவறன்று. ஆனால் எச்சரிக்கைக்கும் பழிக்கும் வேறுபாடு உண்டு. எச்சரிக்கை நிகழ்வுக்கு முன் சொல்லப்படுவது. நிகழ்ந்த பின், அடிபட்டவரிடம் சொன்னால் அதே சொல் பழியாகிவிடும். எச்சரிக்கை இருபாலருக்கும் உரியது. பெண்ணுக்கு மட்டும் சொல்லி, ஆண்பிள்ளையிடம் ‘பின்தொடராதே, மறுத்தால் விலகு’ என்று சொல்லாதது எச்சரிக்கையாகாது. திருட்டு நடந்தால் பூட்டாததைக் கடிந்துகொண்டாலும் திருடனைத் தேடுவதை யாரும் நிறுத்துவதில்லை.

மேலும், நம் எச்சரிக்கைகள் பெரும்பாலும் இருட்டையும் அந்நியரையும் பற்றியவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பாருங்கள். வன்புணர்வு வழக்குகளில் 10க்கு 9க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர்: உறவினர், அண்டைவீட்டார், நண்பர், பழகியவர். ‘இரவில் வெளியே போகாதே’ என்ற அறிவுரை அங்கே எதைக் காக்கும்?

இதை எழுதும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்று தயங்கியதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் என்னிடம் வந்தாள். ஏரிக்கரை வழியாகப் பள்ளிக்கு வரும்போது ஓர் ஆள் சைக்கிளில் பின்னாலேயே வருவதாகச் சொன்னாள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, “அந்த வழியா ஏன்மா வர்ற? ரோட்டு வழியா வந்தா என்ன?” அவள் “சரிங்க டீச்சர்” என்று போய்விட்டாள். அதன்பின் சுற்றுவழியில் நடந்து வந்தாள். பல நாள் காலை வணக்கக் கூட்டத்துக்குத் தாமதமானாள். தாமதமாக வந்தவர்கள் வரிசையில் நானே அவளை நிறுத்தியிருக்கிறேன். அக்கறையோடுதான் பேசினேன் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பின்னர்தான் உறைத்தது: அந்த ஆள் யார் என்று நான் கேட்கவே இல்லை. தலைமையாசிரியரிடமோ ஊர்ப் பெரியவரிடமோ சொல்லவில்லை. வகுப்பில் எழுவாயைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்த நான், வாழ்க்கையில் அதைத் தேடவில்லை. தப்பு செய்தவன் வழக்கம்போல ஏரிக்கரையில் சைக்கிள் விட்டான். வழியை மாற்றிக்கொண்டதும் தண்டனை பெற்றதும் அந்தப் பெண்தான். அவள் மறுபடி என்னிடம் எதையும் சொல்ல வந்ததில்லை.

பழியின் விலை இதுதான். முதல் கேள்வியே குற்றச்சாட்டாக இருந்தால், அடுத்த முறை பிள்ளை வாயைத் திறக்க மாட்டாள். பிள்ளைகள் பேசாத ஊரில் குற்றவாளிக்கு முழுப் பாதுகாப்பு.

மாற்று வழிகள்

புலனாய்வு முடியும் முன் யாரையும் குற்றவாளி என்று எழுத முடியாது என்பது செய்தியாளர்களின் நியாயமான கட்டுப்பாடு. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமைகள் உண்டு. ஆனால் எழுவாய்க்குப் பெயர் தேவையில்லை. ‘ரயில் நிலையத்தில் பெண்ணை வெட்டிக் கொன்றவர் தப்பியோட்டம்’ என்று எழுதினால் யார் மீதும் அவதூறு இல்லை. செய்தவர் ஒருவர் உண்டு என்பது மட்டும் நினைவில் நிற்கும். அதுபோல, காவல்துறை புலனாய்வுக்காகக் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் மக்கள் கேட்க வேண்டியதில்லை. இறந்தவர் யாருடன் பேசினார் என்பது புலனாய்வு அதிகாரிக்குத் தடயம். நமக்கு அது வம்பு.

சொற்கள் மாறுமா என்று ஐயப்படுவோருக்குத் தமிழிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. சாதி கடந்து மணந்தவர்களைக் கொல்வதைக் ‘கௌரவக் கொலை’ என்று ஆங்கில வழக்கைத் தழுவி எழுதிவந்தோம். கொலையில் என்ன கௌரவம் என்று பலர் கேட்டார்கள். இன்று ‘ஆணவக் கொலை’ என்பதே பெருவழக்கு. பழைய சொல் கொலைகாரரின் வாக்குமூலமாக இருந்தது. புதிய சொல் அவர்மீதான குற்றப்பத்திரிகையாக இருக்கிறது. ஒரு சொல்லை மாற்றியதால் கொலைகள் நின்றுவிடவில்லை. ஆனால் அக்கொலைக்குப் பெருமை சேர்க்கும் வேலையைத் தமிழ்மொழி இனிச் செய்யாது. ‘ஒருதலைக் காதல்’, ‘கள்ளக்காதல்’ ஆகியவற்றுக்கும் இதே மாற்றம் இயலும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்லி முடிக்கிறேன். ஒரு வாரத்து நாளிதழ்களில் வன்குற்றச் செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைப்பிலும் எழுவாயை அடிக்கோடிடுங்கள். இல்லையென்றால் செய்தியைப் படித்து, செய்தவரை எழுவாயாக வைத்துத் தலைப்பைத் திருத்தி எழுதுங்கள். பிறகு செய்தியில் பாதிக்கப்பட்டவரைப் பற்றி உள்ள விவரங்களில், குற்றத்தைப் புரிந்துகொள்ளத் தேவையில்லாதவற்றை அடித்துவிடுங்கள். என்ன உடை, எத்தனை மணி, யாருடன் என்பவற்றில் எத்தனை மிஞ்சுகின்றன என்று எண்ணிப்பாருங்கள். இந்தப் பயிற்சியை ஆசிரியர்களும் செய்யலாம். ஒரு பிள்ளை வந்து எதையாவது சொல்லும்போது நம் வாயில் முதலில் வரும் கேள்வி எது என்பதையும் சேர்த்துச் சோதித்துக்கொள்வது நல்லது.